தேய்மானம் மாமாவும் ஒன்பது வருடத்து மிதிபடகும்

அக்கா வீட்டில் எல்லோரும் அவரைத் தேய்மானம் மாமா என்றுதான் சொல்வார்கள். பெயர் வைத்தவள் அக்கா மகள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. புது சைக்கிளை வாசலிலிருந்து கூடத்துக்கே உருட்டிக்கொண்டு வந்து நின்றவளிடம், "கடைப் படியை விட்டு இறங்கும்போதே நூத்துல இருபது போச்சு, தெரியுமா உனக்கு?" என்று கேட்டுவிட்டார். அவள் அழவில்லை. மாமாவை மேலும் கீழும் ஒருமுறை பார்த்து, "இனிமே உன் பேரு தேய்மானம் மாமா," என்றாள். அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அந்தப் பெயர் மட்டும் இந்த வீட்டிலேயே தங்கிவிட்டது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, நஷ்டம் எவ்வளவு என்று காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் போய், காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, டார்ச் அடித்து, நசுங்கிய இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஆசை ஆசையாக வாங்கிய வண்டிகள் அவரிடம் வந்து சேரும்போது கண்ணாடி நொறுங்கி, கதவு வாய் பிளந்து கிடக்கும். அவருக்குச் சொந்தமாகக் கார் இல்லை, ஸ்கூட்டர் இல்லை. பஸ்ஸில் போவார், பஸ்ஸில் வருவார். இரண்டாவது மாடியில் வாடகை வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் அக்கா ஒரு காரணம் வைத்திருந்தாள். "பொண்ணு பார்க்கப் போன இடத்துல சோபாவைத் தட்டிப் பார்த்து விலை சொன்னா எவ கட்டிப்பா?" என்பாள். அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று அவர் சத்தியம் செய்வார். யாரும் நம்பியதில்லை.

அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பத்து வருடங்களுக்கு முன் ஒரு ஆஸ்பத்திரி மாடியில், மோட்டார் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது இரும்புப் பாரம் ஒன்று நழுவி அவருடைய வலது தோளில் விழுந்தது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் அதன் பிறகு அந்தக் கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மனுஷன் கடுகடுவென்று ஆகிவிட்டார். ஒரு நாள் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போனவர், ஒருவன் கையை மடியில் வைத்துக்கொண்டு காலால் மட்டும் மிதித்துப் படகில் போவதைப் பார்த்தார். ஒற்றை ஆள் உட்காரும் ஒல்லியான பிளாஸ்டிக் படகு. முதுகு சாய நாற்காலி, முன்னால் சைக்கிளைப் போல இரண்டு பெடல், அடியில் தண்ணீருக்குள் சுற்றும் ஒரு சின்ன விசிறி. திருப்புவதற்கு இடது கைப் பக்கம் ஒரு பிடி. வலது கைக்கு வேலையே இல்லை.

அடுத்த வாரமே வாங்கிவிட்டார். இரண்டு மாதச் சம்பளம்.

"அத்தான், என்ன காரியம் பண்ணிட்டீங்க!" என்று தேய்மானம் மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "வாங்கின விலையை நூறுன்னு வைங்க. முதல் வருஷமே முப்பது காலி. ரெண்டாவது வருஷம் பதினைஞ்சு. அப்புறம் சீல் போகும், கேபிள் அறுந்துபோகும், வெயில்ல நிறம் வெளுக்கும். ஆறாவது வருஷம் சும்மா குடுத்தாக்கூட ஒருத்தன் தூக்கிட்டுப் போக மாட்டான்."

"நான் விக்கறதுக்கா வாங்கினேன்?" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. கடைசியில எல்லாரும் விப்பாங்க."

அன்றிலிருந்து வருடம் ஒரு முறை, படகு வாங்கிய மாதத்து ஞாயிற்றுக்கிழமையில், அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மதிப்பீடு நடக்கும். அக்காதான் ஆரம்பிப்பாள். "என் சக்களத்திக்கு இந்த வருஷம் என்ன விலைடா போடுற?" படகை அவள் சக்களத்தி என்றுதான் சொல்வாள். வாரத்தில் ஒரு நாள் காலையில் புருஷனைக் கூட்டிக்கொண்டு போகிறது, புதுச் சீட்டு கேட்கிறது, அலங்காரத்துக்குக் குறைவில்லை, வேறென்ன சொல்வது என்பாள். தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஐம்பது" என்பார். அடுத்த வருடம் "நாற்பத்தி ரெண்டு". எட்டாவது வருடம் "இருபத்தி அஞ்சு, அதுவும் வாங்கறவனுக்குக் கண்ணு சரியில்லன்னா" என்றார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் படகை அவர் ஒரு தடவைகூட நேரில் போய்ப் பார்த்ததில்லை என்பது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை.

ஒன்பதாவது வருடம் லிஃப்ட் மெக்கானிக்கின் முட்டி தேய்ந்துபோய் ஆபரேஷன் ஆனது. படகின் தாழ்ந்த சீட்டில் உட்காரவும் எழுந்திருக்கவும் கூடாது, பெடல் மிதிப்பதைப் பற்றி இனி யோசிக்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தம்பி ஆறுதல் சொல்லத் தயாராகத்தான் போனார். ஆனால் அத்தான் ஜன்னலோரம் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, பிரித்துப் போட்ட ஒரு பழைய ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள. உனக்குத்தான் வேலை வெச்சிருக்கேன். அதை வித்துக் குடு."

"வருத்தமா இல்லையா அத்தான்?"

"எதுக்கு வருத்தம்? ஒன்பது வருஷம் ஓட்டியாச்சு. கை போனப்ப கால் இருந்துச்சு. இப்ப கால் போச்சு, கை இருக்கு. ரேடியோ பார்க்க நெஞ்சுக்கு மேல கையைத் தூக்க வேண்டியதில்ல." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நல்ல ஆளாப் பார்த்துக் குடு. கழுவாம வைக்கற ஆளுக்குக் குடுத்துடாத," என்றார்.

ஏரிக்கரையில் படகு வைக்கும் கொட்டகைகள் வரிசையாக இருந்தன. பதினான்காம் எண் கொட்டகையின் பூட்டைத் திறந்து தேய்மானம் மாமா உள்ளே போனார். உள்ளே எண்ணெய் வாசனையும் காய்ந்த துணியின் வாசனையும் இருந்தன. படகு வெறும் தரையில் கிடக்கவில்லை. அகலமான இரண்டு பட்டைகளில், உயரம் பார்த்து, வயிறு அமுங்காத இடத்தில் தொட்டிலைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பெடலும் விசிறியும் சேர்ந்த பெடல் பெட்டி கழற்றப்பட்டு, தனியாக ஒரு பலகையில், துணி உறைக்குள் இருந்தது. கதவின் உள்பக்கம் ஒரு நீளமான அட்டை. லிஃப்ட் அறைகளில் மாட்டியிருக்கும் பராமரிப்பு அட்டையேதான். தலைப்பில் 'லிஃப்ட் எண்' என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு 'படகு' என்று எழுதியிருந்தார் அத்தான். தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை, என்ன செலவு, கையெழுத்து. அட்டை தீரத் தீர அடுத்தது. மொத்தம் ஏழு அட்டைகள்.

தொழில் புத்தி விடுமா? சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். ஒரு மணி நேரம் படகைத் தலையிலிருந்து வால் வரை தடவிப் பார்த்தார். அடிப்பக்கம் கீறல்கள் உண்டு, ஆழமில்லை. இடது பக்கம் நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தது. சுக்கான் கேபிள் புதிது. பெடல் பெட்டி ஐந்தாவது வருடத்தில் மாற்றியது. அதற்கு மட்டும் படகு விலையில் நூற்றுக்கு முப்பது ஆகியிருந்தது. சீல்கள், கிரீஸ், தள்ளுவண்டிச் சக்கரம், இரண்டு சீட்டு, கொட்டகை வாடகை எல்லாம் சேர்த்து இன்னொரு முப்பது. ஆக நூறு போட்டு வாங்கியதற்கு, மேற்கொண்டு அறுபது.

"பார்த்தீங்களா, நூத்தி அறுபது!" என்று வெற்றியோடு போனில் சொன்னார்.

"சரி மாப்ள. எத்தனை தடவை போயிருக்கேன்னு எண்ணினியா?"

எண்ணவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஏழு அட்டைகளையும் எண்ணினார். நானூற்றுப் பன்னிரண்டு தடவை. அங்கிருந்தே பழைய படகு வாங்கி விற்கும் கடைக்காரருக்குப் படங்களை அனுப்பினார். கடைக்காரர் உடனே கூப்பிட்டார்.

"படகோட உடம்பு எல்லாம் யாருது வேணா நல்லாத்தான் இருக்கும் சார். பெடல் பெட்டியிலதான் விஷயமே. பெரும்பாலும் அதைத்தான் கொன்னு கொண்டு வருவாங்க. உங்களுது பராமரிச்சதுக்கு அத்தாட்சியோட இருக்கு. நாற்பத்தஞ்சுக்குக் குறைச்சு குடுக்காதீங்க."

தேய்மானம் மாமா போனைக் கையில் வைத்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டார். நூற்று அறுபதில் நாற்பத்தைந்தைக் கழி. மீதியை நானூற்றுப் பன்னிரண்டால் வகு. வந்த விடை அவருக்குப் பிடிக்கவில்லை. மறுபடி போட்டார். ஒரு தடவை தண்ணீரில் போய் வர, ஆபீஸ் கேன்டீனில் ஒரு சாப்பாட்டு விலைகூட ஆகவில்லை.

இதை அவர் அத்தானிடம் அன்று சொல்லவில்லை.

விளம்பரம் போட்டார். முதல் நாளே மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவன் வணக்கம்கூடச் சொல்லாமல் "கடைசி விலை என்ன?" என்றான். இன்னொருவர், படகுக்குப் பதிலாக ஒரு சலவை இயந்திரமும் பாதிக் காசும் தருகிறேன் என்றார். மூன்றாவது ஆள் நேரில் வந்து, உப்புத் தண்ணியில ஓடியிருக்கும் என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டார். "ஏரித் தண்ணியில எங்கேய்யா உப்பு?" என்று கேட்டு அவரை அனுப்பிவைத்தார் தேய்மானம் மாமா. வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு பொருளின் விலையைத் தூக்கிப் பிடித்துப் பேசுகிறோம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை.

நான்காவதாக வந்தவர் ஒரு தபால்கார அம்மா. நாற்பதைத் தாண்டியவர், நடந்து நடந்து இறுகிய கால்கள், வெயிலில் கறுத்த முகம். அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். குழந்தையின் பரீட்சை மார்க்கைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, "எல்லாம் சரி சார். தண்ணியில ஓட்டிக் காட்டுங்க," என்றார்.

"நானா?"

"பின்ன? வண்டி வாங்கறவங்க ஓட்டிப் பார்க்காம வாங்குவாங்களா? சத்தம் வருதா, ஒரு பக்கம் இழுக்குதான்னு கரையில நின்னு பார்க்கணும். அப்புறம் நான் ஏறிப் பார்க்கறேன்."

நியாயமான பேச்சு. அவருக்கு நீச்சல் தெரியும், பள்ளிக்கூடத்தில் கற்றது. ஆனால் படகில் ஏறியதில்லை. அத்தானுக்குப் போன் போட்டார்.

"ஒண்ணுமே இல்ல மாப்ள. லைஃப் ஜாக்கெட் பட்டையை இறுக்கு. முதல்ல பின்பக்கத்தை வை, அப்புறம் காலை எடு. முட்டி நேரா நீளாத அளவுக்குச் சீட்டை முன்னால இழு. அவ்வளவுதான்."

"கவிழ்ந்தா?"

"கவிழ்றது அவ்வளவு லேசு இல்ல. நான் நானூறு தடவையில ஒரு தடவைதான் கவிழ்ந்தேன். அதுவும் உங்க அக்கா கரையில நின்னு கூப்பிட்டான்னு திரும்பினப்ப."

பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு தேய்மானம் மாமா படகில் உட்கார்ந்தார். தபால்கார அம்மா பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினார். படகு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இரண்டு முறை ஆடியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தார். அடியில் விசிறி சுற்றுவது பாதத்தில் தெரிந்தது. கரை மெல்லப் பின்னால் போனது. சத்தமே இல்லை. படகின் மூக்கு தண்ணீரைக் கீறும் சின்னச் சலசலப்பு மட்டும்.

பத்து நிமிடம் போய்த் திரும்புவதாகத்தான் பேச்சு. ஏரியின் நடுவில் இருந்த மிதவைக் கம்பத்தைச் சுற்றித் திரும்பலாம் என்று போனவர், கொஞ்சம் அகலமாகச் சுற்றிவிட்டார். அந்தப் பக்கம் பாசிக்காடு. திடீரென்று பெடல் கனத்தது. இன்னும் அழுத்தி மிதித்தார். நின்றே போனது. காற்று படகை மெதுவாகப் பாசிக்குள்ளேயே தள்ளியது.

கொஞ்சம் பயந்துதான் போனார், பொய் சொல்வானேன். சுற்றிலும் யாரும் இல்லை. கரையில் தபால்கார அம்மா பொட்டு போலத் தெரிந்தார். ஆனால் ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அத்தான் சொன்ன கதைகளையெல்லாம் அவர் காதில் வாங்காத மாதிரி வாங்கித்தான் இருந்தார். பாசி சிக்கினால் மிதிக்காதே. ஊசியை இழு. பெட்டியைத் தூக்கு. அவர் குனிந்து, பெடல் பெட்டியைப் பிடித்திருந்த இரும்பு ஊசியை இழுத்தார். பெட்டி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. விசிறியில் பச்சைப் பாசி நூல்கண்டு போலச் சுற்றியிருந்தது. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் பிய்த்துப் போட்டார். விசிறியை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது சுற்றியது; மறுபடி சுண்டினார், மறுபடி சுற்றியது. எங்கும் உரசவில்லை, ஆடவில்லை, நின்றபோது கொஞ்சம்கூட நடுங்காமல் நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடங்களில் எத்தனை ஆயிரம் இயந்திரங்களை அவர் கை தொட்டிருக்கும். எல்லாம் உடைந்த பிறகு தொட்டவை. எல்லா உறுப்பும் அதனதன் இடத்தில் இருந்து, வேலைக்குத் தயாராக நிற்கும் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது அவருக்குப் புதிதாக இருந்தது. பெட்டியை இறக்கி ஊசியைச் செருகினார். பின்பக்கமாக மிதித்துப் பாசியை விட்டு வெளியே வந்தார். வந்தவர் நேராகக் கரைக்குத்தான் போயிருக்க வேண்டும். இன்னொரு முறை மிதவைக் கம்பத்தைச் சுற்றினார். பிறகு இன்னொரு முறை, இந்தத் தடவை நெருக்கமாக.

கரைக்கு வந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. தபால்கார அம்மா படியில் உட்கார்ந்து ஆப்பிள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க. பாசி சிக்கிடுச்சு."

"முதல் ரவுண்டுல சிக்குச்சு, பார்த்தேன். அடுத்த ரெண்டு ரவுண்டு?" என்று கேட்டுச் சிரித்தார் அவர்.

பிறகு தபால்கார அம்மா ஏறினார். பழகியவர் போல ஓட்டினார். இறங்கும்போது முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்கறேன் சார், பேரமே வேண்டாம்," என்றார். தேய்மானம் மாமா படகின் மூக்கைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை. நல்ல விலை, நல்ல ஆள். சந்தோஷப்பட வேண்டிய நேரம்.

தள்ளுவண்டியில் வைத்துப் படகைத் தபால்கார அம்மாவின் காருக்கு அருகில் உருட்டினார்கள். கார் கூரையில் தாங்கிக் கம்பிகள் இருந்தன. "நீங்க தொடாதீங்க, தனியா தூக்க முடியுதான்னு பார்க்கணும். எங்க வீட்டுல நான் ஒருத்திதான்," என்றார் அந்த அம்மா. மூக்குப் பக்கத்தைத் தூக்கிக் கூரையில் சாய்த்தார். பின்பக்கம் இடுப்புக்கு மேல் எழும்பவில்லை. இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார். பாதி ஏறியது, நழுவியது. தேய்மானம் மாமா ஓடிப்போய்த் தாங்கினார். மூன்றாவது முறையும் அப்படியே. முப்பத்தெட்டு கிலோ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தது. முப்பத்தெட்டு கிலோவைத் தோளில் மாட்டுவது வேறு, மூன்றரை மீட்டர் நீளமுள்ள படகாகத் தலைக்கு மேல் தூக்குவது வேறு.

அந்த அம்மா காரில் சாய்ந்து நின்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரிப்பட்டு வராது சார். வாரா வாரம் யாரையாவது தூக்க வாங்கன்னு கெஞ்சிட்டு நிக்க முடியாது. கொட்டகை வாடகையும் எனக்குக் கட்டாது. இலேசா ஒண்ணு, துடுப்பு போடறதாப் பார்த்துக்கறேன்."

"விலையைக் குறைச்சுக்கலாமே," என்றார் தேய்மானம் மாமா, அரை மனதாக.

"விலையைக் குறைச்சா கனம் குறையுமா?" என்ற அந்த அம்மா, கார் கதவில் கை வைத்தபடி திரும்பினார். "நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இதை நீங்க ஏன் விக்கறீங்க?"

"இது என்னோடது இல்லைங்க. எங்க அக்கா வீட்டுக்காரரோடது."

"அப்படியா? ஓட்டறதைப் பார்த்தா உங்களோடதுன்னு நினைச்சேன்," என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தேய்மானம் மாமா படகைக் கொட்டகைக்குள் கொண்டுபோய், ஈரத் துணியால் துடைத்து, பட்டையில் தொங்கவிட்டார். பெடல் பெட்டியை உறைக்குள் வைத்தார். அட்டையில் தேதி போட்டு, 'ஒரு மணி நேரம், பாசி எடுத்தது' என்று எழுதினார். கையெழுத்து என்ற இடத்தில் பேனாவை வைத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் கையெழுத்தையே போட்டார். பஸ்ஸில் போகும்போது காலில் மடித்த பேன்ட்டை இறக்கிவிட மறந்துபோய், முழங்காலுக்குக் கீழே பாசியோடு உட்கார்ந்திருந்தார். எதிர் சீட்டுக்காரர் பார்த்ததை அவர் கவனிக்கவேயில்லை.

அன்று மத்தியானம் அக்கா வீட்டில் நடந்த பேரத்தை அந்தக் குடும்பம் இன்னும் பல வருடங்களுக்குப் பேசும்.

"ஆள் கிடைச்சாச்சு அத்தான்," என்று ஆரம்பித்தார் தம்பி.

"தபால்கார அம்மாவா?"

"இல்ல. நான்."

அக்கா கையில் இருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. லிஃப்ட் மெக்கானிக் திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், "சரி, என்ன விலைக்குக் கேக்கற?" என்றார்.

"நாற்பத்தஞ்சு."

"முடியாது. இருபத்தஞ்சு. போன வருஷம் நீதானே சொன்ன?"

"அது பார்க்காம சொன்னது அத்தான். இப்ப பார்த்தாச்சு. பெடல் பெட்டி மட்டுமே பதினைஞ்சு போகும். நான் நாற்பத்தஞ்சுக்குக் குறைச்சுக் குடுக்கவே மாட்டேன்."

"நான் இருபத்தஞ்சுக்கு மேல வாங்கவே மாட்டேன். மச்சினன்கிட்ட லாபம் பார்த்தான்னு நாலு பேரு பேசணுமா?"

"சும்மா வாங்கினான்னு என்னைப் பேச மாட்டாங்களா? என் தொழில் என்ன? விலையைக் குறைச்சு எழுதினேன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா?"

"யாருடா கேக்கப் போறான், ஏரி மீனா?"

குரல்கள் ஏறின. அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏன்டா, விக்கறவர் விலையைக் குறைக்கறார், வாங்கறவன் ஏத்தறான். ரெண்டு பேருக்கும் தலை கிலை சுத்துதா? நிறுத்துங்க ரெண்டு பேரும். ஒன்பது வருஷம் என் சக்களத்தியை வெச்சுக் குடும்பம் நடத்தினவ நான். நான் சொல்றதுதான் விலை. முப்பத்தஞ்சு. தள்ளுவண்டியும் லைஃப் ஜாக்கெட்டும் சீதனம்."

"நாற்பதாவது," என்றார் தம்பி.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

முப்பத்தைந்துக்கே முடிந்தது. அந்தப் பணத்தை வாங்கும்போது லிஃப்ட் மெக்கானிக்கின் கண் கலங்கியதாக அக்கா சொல்வாள். ரேடியோவில் ஈயம் பற்றவைத்த புகை பட்டது என்பது அவர் சொல்லும் கதை. அன்று மாலை தம்பி பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பியபோது அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வாசல் வரை வந்தார்.

"மாப்ள, நான் நூறுக்கு வாங்கினது ஏன் தெரியுமா? அந்த ஆறு மாசம் நான் உங்க அக்காகிட்ட எரிஞ்சு எரிஞ்சு விழுந்தேன். அவ ஒரு வார்த்தை சொல்லல. தண்ணியில போய்ட்டு வந்த முதல் நாள், சாப்பாடு நல்லா இருக்குன்னு சொன்னேன். அவ அடுப்படிக்குள்ள போய் அழுதா. அன்னிக்கே என் நூறும் எனக்குத் திரும்பி வந்துடுச்சு."

"அப்ப மேல போட்ட அறுபது?" என்று கேட்டுவைத்தார் தேய்மானம் மாமா.

"அது என் சொந்த சந்தோஷத்துக்கு," என்று சொல்லிவிட்டு அத்தான் சிரித்தார்.

எல்லாம் சுகமாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. மூன்றாவது வாரம் தேய்மானம் மாமா, பெடல் பெட்டியைப் பூட்டும் ஊசியை அவசரத்தில் தண்ணீருக்குள் நழுவவிட்டார். விரல் நீளமுள்ள இரும்புத் துண்டு. கடையில் சொன்ன விலையைக் கேட்டுக் காது அடைத்துப்போனது. அன்று கரை வரை கையாலேயே தண்ணீரைத் தள்ளித் தள்ளி ஒன்றரை மணி நேரம் வந்தார். தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. அடுத்த தடவை போகும்போது புது ஊசியின் தலையில் ஒரு முழக் கயிற்றைக் கட்டிச் சீட்டோடு முடிந்துவைத்திருந்தார். அதை அத்தானிடம் காட்டியபோது, "ஒன்பது வருஷம் எனக்கு இது தோணல பாரு," என்று அவர் சொன்னதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் குளிர்ந்துபோனார்.

தபால்கார அம்மா ஒரு மாதம் கழித்து மஞ்சள் நிறத்தில் இலேசான துடுப்புப் படகு ஒன்றோடு வந்து சேர்ந்தார். பதினெட்டு கிலோ. ஒற்றைக் கையால் இறக்கினார். சில சனிக்கிழமைகளில் இருவரும் மிதவைக் கம்பம் வரை பேசிக்கொண்டே போவார்கள். அவர் விலாசம் தப்பாக எழுதிய கடிதங்களைப் பற்றிச் சொல்வார், இவர் பொய் சொல்லிக் காசு கேட்டவர்களைப் பற்றிச் சொல்வார். இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று தம்பி சொன்னார். அக்கா ஒன்றும் கேட்கவில்லையே என்றாள்.

அந்தக் கோடையில் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் தண்ணீரில் இருந்துவிட்டு, நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். முன்பக்கம் முழுவதும் நசுங்கிய ஒரு புத்தம் புது கார் நின்றது. பக்கத்தில் அதன் சொந்தக்காரன், இருபத்தைந்து வயது இருக்கும், நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகிறது என்றான். தேய்மானம் மாமா வழக்கம் போல மல்லாக்கப் படுத்து அடியில் போனார், டார்ச் அடித்தார், வட்டம் போட்டார், எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு போச்சு சார்?" என்று கேட்டான் அவன்.

அவர் தாளைப் பார்க்காமல், "பதினோரு நாள்ல எங்கேயெல்லாம் போனீங்க?" என்று கேட்டார்.

அவன் விழித்தான். பிறகு மெதுவாக, அம்மாவை முதன்முதலாகக் கடல் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொல்ல ஆரம்பித்தான். தேய்மானம் மாமா ஒரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, முழுக் கதையையும் கேட்டார்.